இரண்டு சுவர்களில் ஒரே படம்

வேளச்சேரியில் நான் கோடிங் சொல்லிக்கொடுத்த நிலையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறிவந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஏசியின் குளிரும் ரூம் ஸ்ப்ரேயின் மல்லிகை வாசனையும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். வரவேற்பு மேசைக்கு இடப்பக்கச் சுவரில் வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள், வலப்பக்கச் சுவரில் பயிற்றுநர்களின் படங்கள். என் படம் இரண்டிலும் இருந்தது. இடப்பக்கப் படத்துக்குக் கீழே ‘சாஃப்ட்வேர் டெவலப்பர்’ என்றும் வலப்பக்கப் படத்துக்குக் கீழே ‘6+ வருட இண்டஸ்ட்ரி அனுபவம்’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். நான் அங்கேயே படித்து முடித்து, ஏழு மாதம் வேலை தேடிக் கிடைக்காமல், அங்கேயே பாடம் நடத்தச் சேர்ந்தவன். அதற்கு முன்னால் ஒரு சிறிய வெப் டிசைன் கம்பெனியில் பதினொரு மாதம் இருந்திருக்கிறேன். சாயங்கால பேட்ச்சில் படித்த பெண் ஒருவர் ஒருநாள் ஃபீஸ் கட்டிவிட்டு ரசீதுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தவர், “சார், ரெண்டுலயும் அதே சட்டை” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார். நான் “ஆமாம்மா, அதே போட்டோதான்” என்றேன். ரசீது வந்தது, வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அந்தத் தொழிலை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆறு என்ற எண் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். பேனர் அடிக்கக் கொடுக்கும் அன்று உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு விரல் விட்டு எண்ணினார். கம்பெனியில் ஒரு வருடம், கல்லூரியில் நான்கு வருடம், இங்கே படித்ததும் காத்திருந்ததும் சேர்த்து ஒரு வருடம். “நான் மெக்கானிக்கல் சார்” என்றேன். “அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. எதிர்ல இருக்கறவன் பத்து பிளஸ்னு போட்டிருக்கான்” என்றார். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. சம்பளத்தை ஒருநாளும் தள்ளிப் போட்டதில்லை. முப்பது கம்ப்யூட்டருக்கான கடனும் கட்டட வாடகையும் அவர் கழுத்தில் இருந்தன. நான் மறுத்திருந்தால் வேறொருவர் படம் ஏறியிருக்கும், அவ்வளவுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது என்னை உறுத்துவது அந்த ஆறைவிட அதன் பக்கத்தில் நின்ற கூட்டல் குறி. ஆறு என்பதை எண்ணிச் சரிபார்த்துவிடலாம். கூட்டல் குறிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது. ஒரு கொத்தனாரின் அனுபவம் அவர் கட்டிய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தவில்காரரின் அனுபவம் தெருமுனையிலேயே கேட்டுவிடும். கோடு எழுதுகிறவன் செய்த வேலையைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. அது ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில், அவனுக்கே இனி அனுமதியில்லாத இடத்தில் கிடக்கிறது. அதனால் இந்தத் தொழிலில் வருடங்களின் எண்ணிக்கையே வேலைக்குச் சாட்சியாகிவிட்டது. எண்ணிக்கைதானே, எழுதிக்கொள்ளலாம்.

சுவரில் எழுதியதை வகுப்பில் பேசிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாணவர்களுக்கு ‘ரியல் டைம்’ வேண்டும். அந்த இரண்டு சொற்கள் சென்னையிலும் ஹைதராபாத் அமீர்பேட்டையிலும் எத்தனை பேனர்களில் இருக்கின்றன என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் இல்லாத, நிஜ வேலையில் மட்டுமே கிடைக்கிற ஏதோ ஒன்று ஆசிரியரிடம் இருக்கிறது, அதற்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்ற நம்பிக்கை அது. என்னிடம் அப்படிச் சொல்ல ஒரே ஒரு கதை இருந்தது. அதுவும் எனக்குப் பாடம் எடுத்தவர் சொன்ன கதை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டேட்டாபேஸில் ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மட்டும் மாற்ற வேண்டும். அவசரத்தில் அப்டேட் கட்டளையில் ‘வேர்’ (where) நிபந்தனையை எழுத விட்டுப்போகிறது. ஒரு நொடியில் எல்லா வாடிக்கையாளரின் முகவரியும் ஒரே முகவரியாகிவிடுகிறது. மேனேஜர் ஒரு வார்த்தை திட்டாமல் பின்னால் வந்து நிற்கிறார். பேப்பர் கப்பில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. முதல் பேட்ச்சில் இதை “எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு நடந்தது” என்று தொடங்கினேன். பாதி வகுப்பு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பேட்ச்சில் வாயில் ‘நான்’ என்று வந்துவிட்டது. திட்டமிட்டுச் சொன்னதாக நினைவில்லை. “நான் ஒரு வெள்ளிக்கிழமை” என்று ஆரம்பித்ததும் வகுப்பு அடங்கியது. விசிறியின் சத்தம் கேட்டது. கதை முடிந்தபோது ஒரு பையன் நோட்டில் ‘வேர்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டதைப் பார்த்தேன். அவன் அந்தப் பிழையை இனி செய்ய மாட்டான். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, யாருக்கு நடந்தது என்பதில் என்ன இருக்கிறது என்று பைக்கில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குக் கதை சொன்னவருக்கு அது நிஜமாக நடந்ததா என்று ஒருமுறையும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

நான் மோசமான ஆசிரியராக இருந்தேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் மனசாட்சிப்படி சொல்வேன். இங்கேதான் எனக்குக் குழப்பம். ஒற்றைச் சமக்குறிக்கும் இரட்டைச் சமக்குறிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு முழு இரவு நான் உட்கார்ந்திருந்தது அப்போது ஒரு வருடம்கூட ஆகாத விஷயம். சர்வரிடம் கேட்ட தகவல் வருவதற்குள் அடுத்த வரி ஓடிவிடும் என்பது புரியாமல் ஜாவாஸ்கிரிப்டை எத்தனை நாள் சபித்தேன் என்பது எனக்கு மறந்திருக்கவில்லை. பதினைந்து வருடம் கம்பெனியில் இருந்த ஒருவர் எங்கள் நிலையத்துக்கு வார இறுதி வகுப்பு எடுக்க வருவார். நல்ல அறிவாளி. ஆனால் மாணவர்கள் எங்கே சிக்குகிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை, அவர் அந்த இடங்களைக் கடந்து வெகுகாலமாகிவிட்டது. அவர் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் என்னிடம் வந்து அதையே மறுபடி கேட்பார்கள். போன வருடம் தடுக்கி விழுந்தவனுக்குக் கல் இருக்கும் இடம் தெரியும். இதையே சுவரில் எழுதியிருந்தால் என்ன? ‘இவர் போன வருடம் இங்கே படித்தவர். கம்பெனி வேலை இன்னும் கிடைக்கவில்லை. எங்கே கஷ்டப்படுவீர்கள் என்று இவருக்குத் தெரியும்.’ இப்படி எழுதினால் யாரும் சேரமாட்டார்கள் என்று உரிமையாளர் சொல்லியிருப்பார். சிலர் சேர்ந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். குறைவான அனுபவத்தோடு சொல்லிக்கொடுத்ததற்காக நான் வெட்கப்படவில்லை. என்னிடம் உண்மையிலேயே இருந்த தகுதியை மறைத்து, இல்லாத தகுதியைக் காட்டி நின்றதுதான் ஆறவில்லை. படிக்கிறவருக்கு எது உதவுமோ அதைச் சொல்ல எனக்கு வாய்ப்பே இல்லாமல் செய்துகொண்டேன்.

என் மாதச் சம்பளம் பதினெட்டாயிரம். டெமோ வகுப்பு முடிந்து ஒருவர் சேர்ந்தால் தலைக்கு ஆயிரம். அடிப்படை கோர்ஸில் இருப்பவர் ஃபுல் ஸ்டாக் கோர்ஸுக்கு மாறினால் அதற்கும் ஆயிரம். செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு பையன் அடிப்படை கோர்ஸில் படித்துக்கொண்டிருந்தார். நோட்டில் ப்ரோக்ராம்களை மை பேனாவால் அழகான கையெழுத்தில் எழுதி வைப்பார். அடைப்புக்குறிகளை வரைவதுபோலப் போடுவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒரு லூப்பைக்கூடத் தானாக எழுத வராது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அப்பா ஒரு சனிக்கிழமை வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மல்லாட்டை என்று அவர்கள் ஊரில் சொல்லும் நிலக்கடலையை விற்ற காசு நாற்பத்தைந்தாயிரம், மஞ்சள் பையில் இருந்தது. நிலையத்தின் அட்மிஷன் கவுன்சலர் எல்லாம் பேசி முடித்திருந்தார். படிக்கட்டு வரை என்னோடு நடந்து வந்த அப்பா குரலைத் தாழ்த்தி, “சார், எங்களுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க பாடம் எடுக்கறவரு, நீங்க சொல்லுங்க. பையனுக்கு இது வருமா?” என்று கேட்டார். “வருங்க” என்றேன். ‘இன்னும் ஒரு மாசம் பார்ப்போம், அப்புறம் கட்டுங்க’ என்ற ஒரு வாக்கியம் என் தொண்டை வரை வந்து நின்றது. ஆயிரம் ரூபாய்க்காகத்தான் அதை விழுங்கினேனா? அப்படி ஒப்புக்கொண்டால் இப்போது எளிதாகிவிடும். ஆனால் அந்த நேரத்தில் ஆயிரம் ரூபாயை நான் நினைக்கவே இல்லை. சுவரில் ஆறு வருடம் என்று எழுதியிருப்பவன் ‘எனக்குச் சொல்லத் தெரியவில்லை’ என்று எப்படிச் சொல்வான்? பணம் என் வாயைக் கட்டியது என்றால் அந்தப் பேனர் என் முகத்தையே கட்டியிருந்தது. கோர்ஸ் முடிந்த பிறகு அந்தப் பையனின் படம் இடப்பக்கச் சுவரில் ஏறவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா நன்னூல் பாயிரம் நடத்தினார். நல்ல ஆசிரியருக்குப் பவணந்தி சொல்லும் நான்கு உவமைகளில் ஒன்று தராசு. ஐயத்தைத் தீர்க்கவேண்டும், எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கவேண்டும். ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கும் நான்கு உவமைகள் உண்டு. அவற்றில் முடத்தெங்கை மட்டும் நான் மறக்கவில்லை. தண்ணீர் ஊற்றி வளர்ப்பது ஒரு வீட்டுக்காரர், தென்னை வளைந்து போய்க் காய் போடுவது அடுத்த வீட்டுக் கொல்லையில். வகுப்பில் சிரித்தோம், தேர்வுக்கு எழுதினோம். இன்று நினைக்கும்போது அந்த மரத்தைக் குறைசொல்லத் தோன்றவில்லை. அது தானாகவா வளைந்திருக்கும்? வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். எங்களுக்கு வெளிச்சம் அட்மிஷன் பக்கமிருந்து வந்தது. மல்லாட்டை விற்ற காசில் தண்ணீர் வந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டும்தானா என்று ஆறுதலுக்காகவோ என்னவோ தேடிப் படித்தபோது, பெரிய ஊர்களிலும் என் இரட்டைப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் ஃப்ளாட்அயர்ன் ஸ்கூல் என்ற கோடிங் பள்ளி தன் மாணவர்களில் 98.5 சதவீதம் பேருக்கு வேலை, சராசரித் தொடக்கச் சம்பளம் 74,447 டாலர் என்று விளம்பரம் செய்தது. முழுநேரச் சம்பளக்காரர்களோடு பயிற்சி வேலை, ஒப்பந்த வேலை, சுயதொழில் எல்லாம் அந்தச் சதவீதத்தில் அடக்கம் என்பதையும், சம்பளக் கணக்கில் முழுநேர வேலை கிடைத்தவர்கள் மட்டுமே அடக்கம் என்பதையும் அது தெளிவாகச் சொல்லவில்லை. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எடுத்த நடவடிக்கையில், உரிமம் இல்லாமல் நடத்தியதற்கும் சேர்த்து, 2017இல் 3,75,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே வருடம் பூட்கேம்ப் என்று சொல்லப்படும் இத்தகைய குறுகியகாலக் கோடிங் பள்ளிகள் சில கூடி, வேலைக் கணக்கை எல்லோரும் ஒரே மாதிரி வெளியிட ஒரு படிவத்தை உருவாக்கின. அந்தப் படிவத்தில் ‘பள்ளியே வேலைக்கு எடுத்தவர்கள்’ என்று தனியாக ஒரு வரி வைத்தார்கள். அதைப் படித்தபோது வெகுநேரம் அந்த வரியிலேயே நின்றேன். எனக்கென்று ஒரு கட்டம். நான் இருக்கவேண்டிய சரியான சுவர் அதுதான், இடமும் இல்லை வலமும் இல்லை.

லாம்ப்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னால் ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமெரிக்கக் கோடிங் பள்ளியின் கதை இன்னும் கசப்பானது. முன்பணம் வேண்டாம், 50,000 டாலருக்கு மேல் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் இரண்டு வருடத்துக்கு 17 சதவீதம் கொடுத்தால் போதும், உச்சவரம்பு 30,000 டாலர். மாணவருக்குக் காசு வந்தால்தான் எங்களுக்கும் காசு என்றார்கள். முதலில் கேட்டபோது மனம் நிறைந்தது எனக்கு. தராசின் இரண்டு தட்டும் ஒரே உயரத்தில் நிற்கிற ஏற்பாடு என்று நினைத்தேன். 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு பிறப்பித்த ஆணை உள்ளே நடந்ததை வெளியே வைத்தது. பள்ளி அந்த ஒப்பந்தங்கள் பலவற்றை முதலீட்டாளர்களிடம் முன்கூட்டியே விற்றுக் காசாக்கிக்கொண்டிருந்தது. 71 முதல் 86 சதவீதம் வரை வேலை என்று வெளியே சொன்னது, முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த கணக்கில் 50 சதவீதத்துக்குப் பக்கமாக இருந்தது. நிறுவனர் ஆஸ்டன் ஆல்ரெட் ஒரு பேட்ச்சில் நூறு சதவீதம் வேலை என்று ட்வீட் செய்துவிட்டு, அந்தக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு மாணவர்தான் என்று தனிச் செய்தியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு மாணவரை நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கு நிஜமாகவே வேலை கிடைத்திருந்தது. அந்த நூறு சதவீதத்தில் பொய் என்று ஒரு எழுத்துகூட இல்லை. எனக்கும் ஒரு கம்பெனியில் பதினொரு மாதம் நிஜமாகவே இருந்தது.

பயிற்றுநர்களிடையே இதைவிட நுட்பமான சிக்கல்களும் உண்டு, அவற்றுக்கு யாரும் பேனர் வைப்பதில்லை. பகலில் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் ஃபீஸில் பாதிப் பங்குக்கு வகுப்பு எடுக்கும் நண்பர் ஒருவர் இருந்தார். ‘ரியல் டைம் ப்ராஜெக்ட்’ என்று அவர் வகுப்பில் காட்டியது தன் கம்பெனியின் கோடு, பெயர்களை மட்டும் மாற்றியிருப்பார். தன் மாணவர்களைத் தன் கம்பெனிக்கே ரெஃபர் செய்வார். மாணவரிடம் ஃபீஸில் பங்கு, கம்பெனியிடம் ரெஃபரல் போனஸ். ஒருமுறை இன்டர்வியூ பேனலிலும் அவரே உட்கார்ந்தார். “எல்லாருக்கும் நல்லதுதானே நடக்குது?” என்று என்னிடம் கேட்டார். அந்த வேலைக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்து அன்று வரவேற்பறையில் ஃபைலோடு காத்திருந்தவர்கள் அவர் கணக்கில் இல்லை, அப்போது என் கணக்கிலும் இல்லை. நம் நாட்டில் 2022இல் வந்த விளம்பர நெறிமுறைகள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை மறைக்கக் கூடாது என்கின்றன. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களுக்கென்றே விதி வகுத்தது. ஆசிரியர் தகுதி பற்றியும் வேலை உத்தரவாதம் பற்றியும் பொய் சொல்லக் கூடாது, மாணவர் படத்தை அவர் தேறிய பின் பெற்ற சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. வரவேற்கிறேன். ஆனால் படிக்கட்டில் ஒரு தகப்பன் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விக்கு எந்த விதி வந்து பக்கத்தில் நிற்கும்?

கோடு எழுதும் வேலையை இப்போது ஒழுங்காகச் செய்துவருகிறேன் என்பதால் ஒன்று எனக்குத் தெரிகிறது. இந்த வேலையே ஒரு நாளில் பாதி நேரம் தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான். என் டீமில் இருபது வருடம் கழித்தவர் ஒருவர் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது “தெரியல, பார்க்கலாம்” என்கிறார். எரர் செய்தியை நிதானமாகப் படிக்கிறார், சந்தேகப்படுகிறார், ஒவ்வொரு வரியாக முடக்கிப் பார்க்கிறார். நான் மூன்று வருடம் ஒரு வகுப்பின் முன்னால் நின்றும் அந்தச் சொல்லை ஒருமுறையும் சொன்னதில்லை. பதில் தெரியாத கேள்வி வந்தால் “அது அட்வான்ஸ்டு டாபிக், அப்புறம் பார்ப்போம்” என்பேன். மாணவர்கள் என்னிடம் ஜாவாஸ்கிரிப்டோடு சேர்த்து அதையும் கற்றுக்கொண்டார்கள். மாக் இன்டர்வியூவில் என் வாக்கியங்கள் அவர்கள் வாயிலிருந்து வரும். ஃப்ரெஷருக்கு ஓப்பனிங் இல்லை என்று தெரிந்ததும் எத்தனை வருடம் எக்ஸ்பீரியன்ஸ் போடலாம் என்று கேட்டார்கள். போடாதீர்கள், பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எச்சரித்தேன். மாட்டிக்கொள்வீர்கள் என்பதைத்தான் சொன்னேன். தவறு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு நேர் பின்னால் இருந்த சுவரில் ஆறு பிளஸ் என்று எழுதியிருந்தது.

போன மார்ச்சில் எங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுத்தோம். ரெஸ்யூமேயில் மூன்று வருட அனுபவம் போட்டிருந்த ஓர் இளைஞர் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். என்னிடம் படித்தவர் இல்லை, அந்த நிலையத்தின் பெயரும் ரெஸ்யூமேயில் இல்லை. வழக்கமாகக் கேட்பதுபோல, வேலையில் நீங்கள் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். “ஒரு வெள்ளிக்கிழமை ஈவினிங் சார்” என்று தொடங்கினார். வாடிக்கையாளர் முகவரி, விட்டுப்போன ‘வேர்’, திட்டாமல் பின்னால் வந்து நின்ற மேனேஜர். பேப்பர் கப்பில் டீ ஆறிப்போனதைக்கூட அவர் விடவில்லை. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலை இறக்கவேண்டும் என்பதும் சரியாக இருந்தது. இந்த வகையான விபத்து உலகமெங்கும் நடப்பதுதான், இவருக்கும் நடந்திருக்கலாம். ஆனால் டீ? மேஜைக்கடியில் என் கைகள் சில்லிட்டுப் போயிருந்தன. நான் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி எதுவென்று தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும். “கடைசி பேக்கப் எப்ப எடுத்தது? எத்தனை மணி நேர டேட்டா போச்சு?” கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்தார். கதையில் அது இல்லை. எனக்குச் சொன்னவர் அதைச் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்டதில்லை, வகுப்பில் யாரும் என்னைக் கேட்டதில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் “தெரியாது சார்” என்றார். “எனக்கும் தெரியாதுப்பா” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கதையை அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.